ஒரு வரித் திட்டுக்கு இரண்டு வரிப் பதில்

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது இருவருக்கும் சௌகரியம். பாதி படித்த பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து, இதை இவரிடம் எப்படிச் சொல்வது என்று சங்கடப்பட வேண்டியதில்லை.

போன வாரத்து முட்டாள்தனம் இது. என் புத்தகம் ஒன்றைப் பற்றி ஒரு பத்திரிகையில், "பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது படிக்கலாம்" என்று மதிப்புரை எழுதியிருந்தார்கள். வீட்டில் எல்லாரும் அது பாராட்டு என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த பஸ், வருகிற பஸ்ஸா, வராத பஸ்ஸா என்று ஆரம்பித்து, விரல் வீங்கும் வரை ஒரு பதில் எழுதி அனுப்பினேன். அது வெளிவந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், மண்ணெண்ணெய் வாங்கப் போன கையோடு அந்த இதழையும் வாங்கி, இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வந்தேன். புட்டிக்கு மூடி சரியில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் பத்திரிகை முழுக்க ஊறிப்போயிருக்கிறது. என் பதில் மட்டும் நனையவில்லை. நனைகிற அளவுக்கு அது பெரிதாக இல்லை. ஒரு மூலையில் நாலு வரி. அதிலும் ஒரு வரி என் பெயரும் ஊரும். அடியில் 'சுருக்கப்பட்டது' என்று வேறு.

கோபப்படத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த வாசனை விடவில்லை. தாள், மை, மண்ணெண்ணெய் மூன்றும் கலந்த வாசனை. மூக்கு என்பது மரியாதை தெரியாத உறுப்பு. கேட்காமல் கொள்ளாமல் ஆளைப் பிடித்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டது. புதுச்சேரியில், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, பகலிலும் விளக்கு வேண்டியிருந்த ஓர் அச்சுக்கூடத்துக்குள் போய் விழுந்தேன். அங்கே அச்சு எழுத்துகளை மண்ணெண்ணெய் தொட்ட பிரஷால்தான் தேய்த்துக் கழுவுவார்கள். சட்டையைத் துவைத்தாலும் அந்த வாசனை போகாது. கோயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மெழுகுவர்த்தியைத் தள்ளி வைப்பார்கள்.

அந்த அச்சுக்கூடத்திலிருந்து ஒரு வாரப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதன் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் யாராவது பதில் எழுதுவார்கள். ஏன் இந்தப் பயம் என்பதுதான் கதை.

எனக்கு அப்போது மீசை முழுதாக வரவில்லை. கர்வம் முழுதாக வந்திருந்தது. என் அப்பா பஞ்சாலையில் நூல் கிடங்கில் இருந்தார். மேலே கெஞ்சி அங்கேயே எனக்கும் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார். நானோ எழுத்தாளனாகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு பத்திரிகையில் போய்ச் சேர்ந்தேன். அப்பா சத்தம் போடவில்லை. "மாதா கோயில் திருவிழா முடியற வரைக்கும் பாரு. அதுக்குள்ள நீ எழுத்தாளன் ஆயிட்டா ஆயிடு. ஆவலேன்னா மில்லு சங்கு ஊதறப்போ என்கூட வந்துடு" என்றார். உலகத்தில் எந்த எழுத்தாளனுக்கும் இவ்வளவு தெளிவாகக் கெடு வைத்திருக்க மாட்டார்கள்.

பத்திரிகைக்கு முதலாளி, ஆசிரியர், மெய்ப்புத் திருத்துகிறவர் எல்லாம் அமலோர் ஐயா ஒருவரே. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் சட்டத்தின் மேல் அவருக்குப் பேய்க்குப் பயப்படுவது போல ஒரு பயம். எழுத்துக் கோக்க முத்துக்கண்ணு என்று ஒரு கம்பாசிட்டர். அவருக்கு எதன் மேலும் பயமில்லை. என்னை "வாத்தியாரே" என்று கூப்பிடுவார். அதில் மரியாதை கிடையாது.

ஊரில் அப்போது இரண்டு கட்சிகள். கொள்கை வேறுபாடு என்ன என்று கேட்காதீர்கள். அந்தக் கட்சிக்காரர்களே கேட்டதில்லை. ஒரு கட்சி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கூட்டம் போட்டால் மற்றது இந்தப் பக்கம் போடும். எங்கள் பத்திரிகை இந்தப் பக்கத்துக் கட்சியின் ஆதரவில் ஓடியது. தேர்தல் நாளில் தடிகள் முதலில் வரும், பிறகு ஓட்டுக்காரர்கள் வருவார்கள், சாயங்காலம் எண்ணும்போது இறந்துபோனவர்களும் வந்து போட்டுவிட்டுப் போயிருப்பது தெரியும். அமலோர் ஐயாவுக்கு இறந்தவர்களைப் பற்றி எழுதுவதென்றால் ரொம்பப் பிடிக்கும். "செத்தவன் ஓட்டுதான் போடுவான்பா. பதில் எழுத மாட்டான்" என்பார். அப்போது எனக்கு அது புரியவில்லை.

என் பகுதி முதல் பக்கத்தில், இடது பக்கப் பத்தி. அதில் என்ன எழுதுவது என்று மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தபோது தெருவே ஒரு காட்சியைக் கொடுத்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் தள்ளுவண்டி ஒன்று உண்டு. மாடும் இல்லை, குதிரையும் இல்லை. சவாரி போகிறவர் உள்ளே உட்கார்ந்து கையில் ஒரு கம்பியைப் பிடித்து முன்சக்கரத்தைத் திருப்புவார். ஆள் பின்னாலிருந்து தள்ளுவான். சவரிநாதர் என்ற நகரசபை உறுப்பினர் அப்படி ஒரு வண்டியில்தான் போவார். எதிர்க்கட்சிக்காரர், கனத்த சரீரம், அதைவிடக் கனத்த குரல். அன்றைக்கு வாய்க்கால் பாலத்தின் மேட்டில் தள்ளுகிற ஆளின் தலைப்பாகை அவிழ்ந்துவிட்டது. அவன் நின்று கட்டிக்கொண்டான். வண்டி நிற்கவில்லை. பாலத்து இறக்கத்தில் சவரிநாதர் தன்னந்தனியாக உருண்டு போகிறார். பின்னால் ஆள் இருக்கிறான் என்ற நினைப்பில், சுகாதாரத்தைப் பற்றி ஏதோ அவனுக்கு விளக்கிக்கொண்டே போகிறார். கடைசியில் ஒரு காய்கறிக் கூடையில் மோதி வண்டி நின்றது. பேச்சு நிற்கவில்லை.

அதை அப்படியே எழுதினேன். "முன்னால் இருப்பவர் திருப்புகிறார், பின்னால் இருப்பவர் தள்ளுகிறார், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, நம் ஊர் அரசியலை இதைவிடச் சுருக்கமாகச் செய்து காட்ட முடியாது" என்று முடித்திருந்தேன். முத்துக்கண்ணு எழுத்துக் கோக்கும்போதே தோள் குலுங்கியது. அமலோர் ஐயா ஊரில் இல்லை. காரைக்காலில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். திரும்பி வந்து பத்திரிகையைப் பார்த்தவர், இன்னொரு சாவுக்குப் போகப்போகிறவர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பேரைப் போட்டுட்டியா?"

"போட்டுட்டேங்க. போட்டாத்தானே யாருன்னு தெரியும்?"

"உய்சியே வருவான் பாரு" என்றார். உய்சியே என்றால் கோர்ட்டுச் சேதியைக் கையில் கொண்டுவந்து கொடுக்கிற அதிகாரி. அதற்குப் பிறகுதான் பிரெஞ்சுச் சட்டத்தில் ஒரு விஷயம் இருப்பதை எனக்கு விளக்கினார். பத்திரிகையில் ஒருவர் பெயரைச் சொல்லி ஏதாவது எழுதினால், அவருக்குப் பதில் சொல்லும் உரிமை உண்டு. அந்தப் பதிலை அடுத்த இதழிலேயே, அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், காசு வாங்காமல் போட வேண்டும். அதோடு போகவில்லை. நாம் எழுதியதைப் போல இரண்டு மடங்கு நீளம் அவர் எழுதலாம்.

அடுத்த வாரம் உய்சியே வந்தார். என் பத்தியும் பக்கத்துப் பத்தியும் சவரிநாதருக்குப் போயின. என் எழுத்துக்கு இடமில்லை.

அதோடு முடிந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். சவரிநாதர் தன் பதிலில், கூடையில் இருந்தது கத்திரிக்காய் என்றும், சந்தேகமிருந்தால் கூடைக்காரி அஞ்சலையைக் கேட்கலாம் என்றும், வண்டி தள்ளும் கண்ணன் தலைப்பாகை கட்டுவதில் இந்த ஊரிலேயே மெதுவானவன் என்றும் எழுதிவிட்டார். இப்போது கண்ணன் பெயரும் அஞ்சலை பெயரும் அச்சில் வந்துவிட்டன. சட்டம் கண்ணனுக்கு ஒன்று, சவரிநாதருக்கு ஒன்றா? இருவரும் அச்சுக்கூடத்து வாசலில் வந்து நின்றார்கள்.

"எனக்கு எழுதத் தெரியாதுங்க" என்றான் கண்ணன்.

"எனக்கும்தான்" என்றாள் அஞ்சலை. "அந்தத் தம்பி சும்மாத்தானே குந்திக்கினு இருக்குது? அது எழுதட்டும்."

எழுதினேன். எனக்கு எதிராக நானே எழுதினேன். அஞ்சலை சொல்லச் சொல்ல: "கூடையில் இருந்தது கத்திரிக்காய் அல்ல, சுண்டைக்காய். கத்திரிக்காய்க்கும் சுண்டைக்காய்க்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் வண்டியும் ஓட்டக் கூடாது, பத்திரிகையும் நடத்தக் கூடாது. அதே சுண்டைக்காய் பெரிய மார்க்கெட் வடக்கு வாசலில் தினமும் கிடைக்கும்." முத்துக்கண்ணு கோத்து முடித்துவிட்டு, "வாத்தியாரே, நீ எழுதனதுலயே இதான் நல்லா கீது" என்றார்.

அந்த வாரம் வடக்கு வாசலில் சுண்டைக்காய் மதியத்துக்குள் தீர்ந்துபோனது. ஊர் விழித்துக்கொண்டது.

பிறகு நடந்ததை நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். நான் பார்த்திராவிட்டால் நானும் நம்பமாட்டேன். தெருவில் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்த பெரிய மனிதர்கள் என்னைத் தேடிவர ஆரம்பித்தார்கள். எதற்கு? தங்களைத் திட்டி எழுதச் சொல்லி. ரொட்டி அடுப்பு வைத்திருந்த லூர்து முதலில் வந்தார்.

"தம்பி, என் ரொட்டி கல்லாட்டம் இருக்குதுன்னு ஒரு நாலு வரி எழுதேன்."

"ஏன் முசியே? நல்லாத்தானே இருக்குது?" என்றேன். எங்கள் ஊரில் ஐயாவுக்கு முசியே என்றுதான் சொல்வோம்.

"நல்லா இருக்குன்னு நீ எழுதினா நாலு வரி. கல்லுன்னு எழுதினா நான் எட்டு வரி எழுதிக்குவேன் இல்ல?"

எழுதினேன். திட்டை ஊரே படித்தது. பதிலை லூர்து மட்டும் படித்தார். ஒரு மாதம் அவர் கடைப் பக்கம் யாரும் போகவில்லை. அப்புறம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். அவரிடம் நாற்பது வரியில் கடலைப் பற்றி ஒரு செய்யுள் தயாராக இருந்தது. எந்தப் பத்திரிகையும் வாங்கிக்கொள்ளவில்லை. "என்னை இருபது வரிக்கு வையணும். குறையக் கூடாது. குறைஞ்சா கடைசிச் சூரியாஸ்தமனம் உள்ள வராது" என்றார். அவரை என்னவென்று வைவது? பரம சாது. பத்து வரிக்கு மேல் எனக்கு ஓடவில்லை. மீதியை அவரே சொல்லிக்கொடுத்தார். தன்னைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியவில்லை.

இப்படியே பத்திரிகை முழுவதும் பதிலாகிவிட்டது. பதில்களில் வந்த பெயர்களுக்குப் பதில்கள். அமலோர் ஐயா எதையும் மறுக்கமாட்டார். மறுத்தால் கோர்ட்டு என்று நடுங்குவார். முத்துக்கண்ணுவோ எழுத்துப் பெட்டியைத் தட்டித் தட்டிக் காட்டுவார். "எல்லாரும் 'அல்ல, அல்ல'ன்னு எழுதினா நான் 'ல்'லுக்கு எங்க போறது? ஒருத்தனாவது ஆமான்னு எழுதச் சொல்லு வாத்தியாரே."

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் பதிலை அவரவர் மட்டும் படித்தார்கள். சவரிநாதர் பதிலை ஊரே படித்தது. சளைக்காமல் நான் வாராவாரம் அவரைச் சீண்டினேன், அவர் வாராவாரம் பதில் எழுதினார். கோபமே இருக்காது. ஓர் ஓரத்தில் சாவகாசமாக உட்கார்ந்து, தன்னையும் சேர்த்துக் கிண்டல் செய்துகொண்டு எழுதுவார். காப்பிக் கடையில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். பத்திரிகை வந்ததும் முதலில் கேட்பது, "சவரிநாதர் எழுதியிருக்காரா?" என்றுதான். என்னை யாரும் கேட்பதில்லை. அவருக்குப் பதில் எழுத ஒரு சாக்கு வேண்டுமே, அதற்கு நான். அவரைத் தோற்கடிப்பதற்காகவே எங்கள் கட்சி அந்தப் பத்திரிகைக்கு ஆதரவு கொடுத்தது. தேர்தல் வந்தது. உயிரோடிருந்தவர்கள், இல்லாதவர்கள் இரு தரப்பும் அவருக்கே போட்டார்கள்.

ஜெயித்த கையோடு சவரிநாதர் எழுதுவதை நிறுத்திவிட்டார். நான் அவர் தொப்பியைச் சீண்டினேன், பதிலில்லை. அவர் நாயைச் சீண்டினேன்; நாயிடமிருந்தும் இல்லை. காப்பிக் கடைக்காரர் பத்திரிகை வாங்குவதை நிறுத்தினார். கட்டுகள் கட்டாகவே கிடந்தன. கோயிலில் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டது. அப்பா எனக்கென்று ஒரு சாப்பாட்டுத் தூக்கு வாங்கி, அடுப்படியில் தம்முடையதற்குப் பக்கத்தில் வைத்தார். அதைவிடக் கொடுமையான விமர்சனம் எனக்கு இன்றுவரை வந்ததில்லை.

அமலோர் ஐயா என்னைக் கூப்பிட்டார். "இதோ பாருப்பா. அந்த ஆள் எழுதினாத்தான் இது ஓடும். அவரை எழுத வெச்சேன்னா உனக்கு இங்க எடம் உண்டு, உன் பேரைக்கூட மேல போட்டுடறேன். இல்லேன்னா நீயும் வேணாம், பத்திரிகையும் வேணாம். மூடிட்டு நான் என் மவ வீட்டுக்குப் போறேன்."

ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். அப்படி நான் வாழ்க்கையில் உழைத்ததில்லை. ஒரு முழுப் பக்கம். சவரிநாதரின் நடை, உடை, பேச்சு, வண்டி, வெற்றி, அவர் சாப்பிடும் மீனின் முள் உட்பட எதையும் விடவில்லை. ஒவ்வொரு வரியிலும் ஒரு வேடிக்கை இருக்க வேண்டும் என்று அடித்து அடித்துத் திருத்தினேன். அது நடுப்பக்கத்தில் வெளிவந்தது. ஒரு பக்கத்துக்கு அவருக்கு இரண்டு பக்கம் உண்டு. அடுத்த இதழில் நடுவிலுள்ள இரண்டு பக்கங்களையும் அவருக்காகவே காலியாக வைத்தோம்.

உய்சியே வருகிறாரா என்று வாசலில் நின்றேன். ஒரு நாள் தெருமுனையில் அவர் தொப்பி தெரிந்தது. உள்ளே ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் வந்தார், என்னைப் பார்த்துத் தலையசைத்தார், பக்கத்து வீட்டுக்குள் போனார். முத்துக்கண்ணு காலிப் பக்கத்து இரும்புச் சட்டத்தைக் கையால் தடவிவிட்டு, "ரெண்டு பக்கத்தையும் வெள்ளையாவே வுட்டுடலாமா? ரொட்டி சுத்தறதுக்காவது லூர்து வாங்குவாரு" என்றார்.

மறுநாள் பத்திரிகை அச்சேற வேண்டும். "போய் அவர் கையில கால்ல வுழுந்தாவது வாங்கிட்டு வா" என்று அமலோர் ஐயா என்னைத் துரத்தினார். வெயில் தாழும் நேரத்தில் சவரிநாதர் வீட்டுக்குப் போனேன். அவர் தாழ்வாரத்தில், ஒரு பித்தளை அண்டாவில் வெந்நீர் ஊற்றி இரண்டு காலையும் உள்ளே விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாதம். மடியில் என் கட்டுரை.

"வாப்பா. நீதானா அது? பெரிய ஆளா இருப்பேன்னு நெனச்சேன். குந்து" என்றார். உள்ளே திரும்பி, "ஏ மேரி, அந்த வண்டிக்காரப் பய வந்திருக்கான், காப்பி கொண்டா" என்று குரல் கொடுத்தார். உள்ளே அவர் மனைவி களுக்கென்று சிரிப்பது கேட்டது.

"கேட்டியா? உன் வண்டிக் கட்டுரையைப் படிச்சதுலேர்ந்து இப்படித்தான். ஞாயித்துக்கெழம பூசை நடுவுல நெனச்சுச் சிரிச்சுத் தொலைச்சா. சாமியார் திரும்பிப் பார்க்கறாரு. எனக்கும் அடக்க முடியல. அந்தக் குஷியிலதாம்பா பதில் எழுத ஒக்காந்தேன். கோவத்துல எழுதினேன்னா நெனச்ச?"

"அப்போ இதுக்கும் எழுதுங்க முசியே" என்றேன். என் குரல் எனக்கே அஞ்சலை பேரம் பேசுவது போலக் கேட்டது. "ரெண்டு பக்கம் உங்களுக்காகவே வெச்சிருக்கோம். சட்டம் உங்க பக்கம். நீங்க எழுதலேன்னா நான் நாளன்னிக்கு மில்லுக்குப் போகணும்."

"அப்படியா?" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். கட்டுரையை எடுத்து, கண்ணாடியை மாட்டி, மேலிருந்து கீழ்வரை இன்னொரு தடவை படித்தார். பிறகு அதை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, காலை வெந்நீரிலிருந்து எடுத்துத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

அவர் துடைத்து முடிப்பதற்குள் உங்களுக்கு மற்றதைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாழ்வாரம் இப்போது இல்லை. அங்கே ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. தள்ளுவண்டி ஒன்றுகூட மிச்சமில்லை. உய்சியே என்றால் என்னவென்று என் பேரன் கேட்கிறான். அச்சுக்கூடத்து எழுத்துகளை எடை போட்டு விற்றார்கள். இரண்டு கட்சிகளும் போய், பிரெஞ்சுக்காரர்களும் போய், இரண்டு மடங்கு இடம் கொடுத்த அந்தச் சட்டத்தைத் தெரிந்தவர்களும் போய்விட்டார்கள். சங்கு ஊதியதும் அப்பாவின் பின்னால் தூக்கோடு நான் நடந்தேன். தலை நரைக்கும் வரை நூல் கிடங்கில்தான் இருந்தேன். எழுதியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில். ஊரில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், யாரும் சவரிநாதரைப் போலப் பொறுமையாக இரண்டு தடவை படித்துவிட்டுச் சொன்னதில்லை.

அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டார்.

"எங்க தப்புன்னாவது சொல்லுங்க முசியே" என்றேன். "அதுல எல்லாமே இருக்குதே. வண்டிக் கட்டுரையைவிட இதுக்குத்தான் ரொம்ப மெனக்கெட்டேன். ஏன் எழுத மாட்டேங்கறீங்க?"

"சிரிப்பு வரலப்பா."